கம்பம்மெட்டு ஏறினதும் டவர் எடுக்காத போன்: எதை வாங்கலாம்?

கேள்வி: உத்தமபாளையம் வாசகி, 2025 ஜூன் 2

15,000 ரூபாய்க்குள் நல்ல போன் எது? வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் (காய் உலர்த்துகிற கட்டடம்) கணக்கு எழுதுகிறேன். காலையில் கம்பத்தில் ஜீப் ஏறுவேன். கேரள எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டு தாண்டியதும் நெட் போய்விடுகிறது. மத்தியானத்துக்குள் சார்ஜும் இறங்கிவிடுகிறது. கடையில் கேட்டால் 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று கேமராவையே காட்டுகிறார்கள். இருக்கிற போன் ஒன்றும் பழசில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமா? அம்மாவுக்கும் ஒரு பட்டன் போன் வேண்டும். அவங்களும் காய் எடுக்க மலைக்கு வருகிறவங்கதான்.

2025 ஜூன் 2, இரவு

காசை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள் தங்கச்சி. உங்களுடையது தமிழ்நாட்டு சிம்தானே? செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போனால் 'டேட்டா ரோமிங்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது ஆஃபில் இருந்தால் செக்போஸ்ட் தாண்டியதும் பேச்சு வரும், நெட் வராது. தமிழ்நாடும் கேரளமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். மெட்டில் கால் வைத்ததுமே உங்கள் போன் வெளியூர்க்காரப் போன் ஆகிவிடுகிறது. உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக் காசு பிடித்த காலம் பெரிய கம்பெனிகளில் 2017-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பயம் நம் ஆட்களை விடவில்லை. 'ஆஃப்லயே இருக்கட்டும், காசு பிடிச்சிரும்' என்று இன்றைக்கும் அணைத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு.

அதை ஆன் செய்துவிட்டு நாளைக்கு மேலே போய்ப் பாருங்கள். சார்ஜ் விஷயம் வேறு. அதை நிதானமாக எழுத வேண்டும்.

ஜூன் 3, மாலை

நெட் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். 15,000 ரூபாய் அப்படியே பீரோவில் இருக்கட்டும்.

ஜூன் 3, இரவு

சார்ஜ் ஏன் இறங்குகிறது என்று சொல்கிறேன். எனக்கு ராமக்கல்மேட்டுக்குக் கீழே, தூக்குப்பாலம் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வீடு கம்பத்தில். அதனால் இந்தத் தொல்லையோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறேன்.

தமிழ்நாட்டு சிம் போட்ட போனுக்குத் தாய்வீடு தமிழ்நாட்டு டவர்தான். நாம் மலை விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுசும் தெரிகிறது. அங்கே இருக்கிற டவரின் சிக்னலும் லேசாக வந்து சேர்கிறது. பக்கத்தில் கேரள டவர் பலமாக நின்றாலும், தாய்வீட்டு டவர் அடியோடு அறுந்து போகிறவரைக்கும் போன் அதை விடாது. விட்ட பிறகும் அடிக்கடி தேடிப் பார்த்துக்கொண்டே இருக்கும். தூரத்து டவரோடு பேச வேண்டுமென்றால் போன் தன் முழு சக்தியையும் போட்டு அனுப்ப வேண்டும். பேட்டரி அங்கேதான் போகிறது. நீங்கள் ஒன்றுமே பார்க்காமல் பையில் வைத்திருந்தாலும் மத்தியானத்தில் போன் கதகதவென்று இருப்பது இதனால்தான்.

செட்டிங்ஸில் 'நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடு' என்பதை அணைத்தால் அங்கே கிடைக்கிற நெட்வொர்க்குகளின் பட்டியல் வரும். உங்கள் கம்பெனியின் கேரள நெட்வொர்க்கைத் தொட்டுவிட்டால் போன் அலைய மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். சாயங்காலம் இறங்கும்போது மறக்காமல் பழையபடி தானியங்கிக்கு மாற்ற வேண்டும். மறந்தால் கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு 'டவரே இல்லையே' என்று முழிக்க வேண்டி வரும்.

தினமும் இப்படி மாற்ற முடியாது என்றால் இரண்டு சிம்தான் வழி. கீழே ஒன்று, மேலே ஒன்று. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 5

இரண்டு சிம்முக்கும் மாசாமாசம் ரீசார்ஜ் செய்ய யாரால் முடியும் என்று அணைக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. டேட்டாவைக் கட்டாயமாகச் சேர்த்து விற்கக்கூடாது, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனிப் பேக் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் அந்தப் பேக்குகள் வந்துவிட்டன. இரண்டாவது சிம்முக்கு அது போதும். ரீசார்ஜ் கடையில் அதை அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஜூன் 7

'என் போனில் நாலு பாயிண்ட் காட்டுகிறது, பக்கத்தில் இருக்கிறவர் போனில் இரண்டுதான், அப்போ என்னுடையது நல்ல போன்தானே' என்று ஒருவர். இல்லை. எத்தனை பாயிண்ட் காட்டுவது என்பது போன் கம்பெனியின் இஷ்டம். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரே சிக்னலுக்கு ஒரு போன் மூன்று காட்டும், இன்னொன்று ஒன்று காட்டும்.

எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி', அதற்குள் 'சிம் நிலை', அதற்குள் 'சிக்னல் வலிமை'. மைனஸ் குறியோடு ஒரு எண், பக்கத்தில் டி.பி.எம். என்று இருக்கும். 4ஜியில் −85 என்றால் அருமை. −100 என்றால் சமாளிக்கலாம். −115-க்குப் போனால் பேச்சு விட்டுவிட்டுத்தான் வரும். −120-ஐத் தாண்டினால் கையை உயர்த்திப் பிடித்துப் பாறைமேல் ஏற வேண்டியதுதான். இதில் பத்து எண் குறைந்தால் சிக்னலின் பலம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று கணக்கு. −100-க்கும் −110-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். உண்மையில் பத்து மடங்கு வித்தியாசம்.

என் தோட்டத்து ஷெட் வாசலில் ஒரே சிம்மை இரண்டு போன்களில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதே இடம், அதே நேரம். ஒன்று −98, இன்னொன்று −109. விலை கூடிய போன்தான் −109 காட்டியது. பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கம்பெனியின் எல்லாப் போன்களும் அப்படித்தான் என்று ஒரு போனை வைத்துச் சொல்வது தப்பு. ஆனால் போன் வாங்கப் போகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: வீட்டில் யாரிடமாவது அந்த மாடல் இருந்தால் உங்கள் சிம்மை அதில் போட்டு, உங்கள் இடத்தில் வைத்து இந்த எண்ணைப் பாருங்கள். யூடியூபில் போன் விமர்சனம் செய்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே டவர் நிற்கிறது.

ஜூன் 8

சின்னமனூர் அண்ணன் எழுதியது: 'நோக்கியா 1100 எடுக்காத இடமே கிடையாது. இன்னைக்கு இருக்கிற போன் எல்லாம் சும்மா பகட்டு.'

அண்ணே, பாதி உண்மை. உங்கள் 1100 டவருக்கு அனுப்பிய சக்தியே வேறு. 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி போன் தேவைப்பட்டால் 2 வாட் வரைக்கும் அனுப்பும். சாதாரண 4ஜி போனின் உச்சம் 0.2 வாட்தான். 2ஜி போன் அதை விட்டுவிட்டுத் துண்டு துண்டாகத்தான் அனுப்பும் என்றாலும் தூரத்துக்கு அது உதவியது. தாழ்ந்த அலைவரிசை மலை வளைவைச் சுற்றி ஓரளவு வரும். 2300 மெகாஹெர்ட்ஸ் போன்றவை ஒரு மேடு குறுக்கே வந்தாலே நின்றுவிடும். ஆக, நோக்கியா நல்லதாக இருந்தது ஒரு பக்கம், அந்தக் காலத்து அலைவரிசையும் கைகொடுத்தது இன்னொரு பக்கம்.

1100 வந்தது 2003-இல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத ரப்பர் கீபேட், வழுக்காத பக்கவாட்டு, தலையில் ஒரு டார்ச். அந்த டார்ச்சுக்காகவே அப்பா அதை வைத்திருந்தார். ஸ்டோரில் ராத்திரி அடுப்புக்கு விறகு தள்ளும்போது போனை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் வேலை பார்ப்பார். அந்த 2003-ஆம் வருஷத்தில்தான் நமக்கு வருகிற காலுக்குக் காசு பிடிப்பதும் நின்றது. அதற்கு முன்னால் மணி அடித்தால் எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும்.

ஜூன் 8, பிற்பகல்

அம்மாவுக்குப் பட்டன் போன் வாங்கும்போது கவனம். 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. உங்கள் தோட்டத்தில் எந்த டவர் எடுக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அது ஜியோ என்றால் 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும். டப்பாவின்மேல் 4ஜி என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் இருக்கும்.

ஜூன் 15

சாரல் பிடித்துவிட்டது. இந்தப் பருவத்தில் போன்களின் குணம் நன்றாகத் தெரியும்.

காய் எடுக்கிற பெண்களின் கையை யாராவது பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஏலக்காயின் கறை விரல் நுனியில் கறுப்பாக ஏறி, ரேகையே தெரியாது. நாள் முழுக்க ஈரம், மண், கறை. அந்த விரலை போனின் ஓரத்தில் வைத்தால் பூட்டு திறக்காது. எங்கள் தோட்டத்துக்கு வருகிற அக்கா ஒருவர் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைப்பார், வைப்பார், திறக்காது. மறுபடி துடைப்பார். கடைசியில் மகன் வைத்துக் கொடுத்த நாலு எண்ணைப் போட்டுத்தான் திறப்பார். ரேஷன் கடையிலும் அவருக்கு இதே பாடு. இவர்களுக்குப் போன் வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள் விரல் ரேகை ஒன்றையே நம்பிப் பூட்டு வைக்க வேண்டாம். எண் போட்டுக் கொடுங்கள், அதை அவர்களுக்கு மனப்பாடமாக்கிவிடுங்கள்.

டச் ஸ்கிரீனும் ஈரக் கைக்குச் சரியாகக் கேட்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதுவே விரல் மாதிரி எதையாவது அமுக்கிவிடும். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மடியில் வைத்தால் கால் வருவதே தெரியாது. பட்டன் போன் என்றால் கவரோடு சேர்த்தே அமுக்கிப் பேசிவிடலாம். காய் எடுக்கும் இடத்தில் இன்றைக்கும் பட்டன் போன்தான் ராஜா. 'பழைய ஆட்கள், டச் போன் பழகத் தெரியாதவர்கள்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தெரிந்துதான் அதை வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் தண்ணீரில் விழுந்த போனுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் அரிசி மூட்டை. இன்னொருவர் ஏலக்காய் ஸ்டோர் தட்டில் காயோடு சேர்த்து வைத்தால் ராத்திரிக்குள் காய்ந்துவிடும் என்கிறார்.

இரண்டும் வேண்டாம். அரிசித் தூள் சார்ஜ் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிளே 2024-இல் எழுதி வைத்தது. ஸ்டோர் விஷயம் அதைவிட மோசம். காய் உலர்த்துகிற அறையில் 50 டிகிரி வரை சூடு இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. பேட்டரி வீங்கினால் போன் போவது மட்டுமில்லை, காயும் விறகும் இருக்கிற கட்டடத்தில் நெருப்பு விளையாட்டு. அந்த நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆஃப் செய்து, ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, லேசாகத் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். முழுசாகக் காய்கிறவரை சார்ஜர் சொருகாதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் 'ஐ.பி.' எண்ணைக் கேளுங்கள், தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற எண் அது. ஐ.பி.54 என்றால் தூறல் தாங்கும், அவ்வளவுதான். 65-க்கு மேல் இருந்தால் நம் சாரலுக்கு நம்பலாம். முன்பெல்லாம் இது பெரிய விலைப் போன்களில் மட்டும் இருந்தது. இப்போது நடுத்தர விலையிலேயே 69 வரை வந்துவிட்டது. என்னைக் கேட்டால் கேமராவுக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுக்கலாம்.

ஜூலை 4

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

போன வாரம் தோட்டத்தில் ஒரு பக்கம் காயின் தோலில் சொறி மாதிரி தெரிந்தது. இலைப்பேன் வேலையா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. மயிலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. முன்பு காயைப் பறித்துக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போவோம். இப்போது முதலில் படம் அனுப்பச் சொல்கிறார்கள். என் போனில் எடுத்த படத்தில் காய் தெரிந்தது, சொறி தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் தன் போனில் எடுத்தார். தோலில் இருக்கிற ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. பதில் அன்றைக்கே வந்தது.

ஆக, விவசாயிக்கும் கேமரா வேண்டும். எதற்கு வேண்டும் என்பதுதான் வேறு. 'மேக்ரோ' என்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் கண் வைத்திருப்பார்கள், அதை நம்பி வாங்காதீர்கள். முதன்மைக் கேமராவிலேயே கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் அதைவிடத் தெளிவாக வரும். காயை உள்ளங்கையில் வைத்து, வெயில் நேராகப் படாமல் உடம்பு நிழலில் பிடித்து எடுங்கள். கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சட்டைப் பையில் நாலு ஏலக்காயைப் போட்டுக்கொண்டு போனால் போதும்.

ஜூலை 5

கடைக்கு ஏலக்காய் கொண்டு போய்ப் படம் எடுத்ததில் கடைக்காரப் பையன் 'அண்ணே, டீக்கா?' என்று கேட்டானாம். போடி நண்பர் எழுதியிருக்கிறார். படம் நன்றாக வந்ததா என்பதையும் எழுதுங்கள் நண்பரே.

ஜூலை 19

விலை பேசுவதற்குப் போன். இதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்க்கிறேன்.

புற்றடியிலும் போடியிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. வந்த சரக்கு எவ்வளவு, சராசரி என்ன, அதிகபட்சம் என்ன என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். முன்பு வியாபாரி சொல்வதுதான் விலை. 2019-இல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, கையில் நெட் உள்ள போன் இருந்தவன் அன்றைய விலைக்கு விற்றான். இல்லாதவன் முந்தின வார விலைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் வயிறு எரிந்தான். எங்கள் பக்கம் சாதாரணக் குடியானவன் டச் போனுக்கு மாறியது அந்த வருஷம்தான்.

போனிலேயே விலை பேசி முடிப்பவர்கள் கால் ரெக்கார்டிங் கேட்கிறார்கள். வெளி ஆப் வைத்து ரெக்கார்ட் செய்வதை 2022 மே மாதத்திலிருந்து கூகுள் அடைத்துவிட்டது. கூகுள் டயலர் உள்ள போன்களில் ரெக்கார்ட் பொத்தானைத் தொட்டால் 'பதிவு செய்யப்படுகிறது' என்று எதிராளிக்கும் கேட்கும். சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குச் சரி என்றே படுகிறது. கேட்டுவிட்டால் அவரும் விலையை அளந்து சொல்வார், நாமும் அளந்து சொல்வோம். அதைவிட நல்ல வழி, பேசி முடித்ததும் 'இன்ன விலை, இத்தனை கிலோ' என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் போட்டு, அவரை 'சரி' என்று பதில் போட வைப்பது. மலையாளத்தில் பேசி, தமிழில் டைப் செய்து, எண்ணை மட்டும் எண்ணாகப் போட்டாலே இரண்டு பேருக்கும் புரியும்.

ஆகஸ்ட் 6

இன்றைக்குப் போன் மாடலைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

2020-இல் இதே நாள் இரவு. மூணாறுக்கு மேலே, ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத்து லயங்கள்மேல், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்மேல், மலை சரிந்தது. 70 பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. அடைமழையில் கரண்ட் இல்லை, டவரும் வேலை செய்யவில்லை. ராத்திரி சரிந்ததன் செய்தி வெளியே வந்து சேர்ந்தது மறுநாள் காலையில்தான். அந்த லயங்களில் போன் இல்லாத வீடு அநேகமாக இருந்திருக்காது. கூப்பிட வழிதான் இல்லை.

டவருக்கும் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் சில மணி நேரம் அதில் ஓடும், அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வர வேண்டும். ரோடு அடைந்துபோன மழையில் யார் வருவார்கள்? நாம் கையில் இருக்கிற போனை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். மலையில் டவருக்குக் கரண்ட் எத்தனை நாள் தாங்கும் என்று பஞ்சாயத்தில் கேட்க வேண்டும், அதுவும் மழைக்கு முன்னால் கேட்க வேண்டும். லயத்தில் இருக்கிற சனங்கள் ரீசார்ஜுக்குக் காசு கொடுக்கிறவர்கள்தான். மழை நாளில் அந்த டவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆகஸ்ட் 7

நேற்றையதைப் படித்துவிட்டுச் சிலர் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். அவசர உதவி எண் 112-க்கு அடித்தால் உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும், அங்கே எந்தக் கம்பெனி டவர் இருக்கிறதோ அதன் வழியாகப் போகும். 'டவர் இல்லை' என்று காட்டினாலும் அடித்துப் பாருங்கள். எச்சரிக்கைச் செய்தி போனில் அலறுகிற ஏற்பாட்டை 2023 அக்டோபரில் இரண்டு மாநிலத்திலும் சோதித்தார்கள். நினைவிருக்கும், எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கத்தியது. செட்டிங்ஸில் 'அவசர எச்சரிக்கைகள்' ஆனில் இருக்கட்டும். சத்தம் தொல்லை என்று அணைத்தவர்கள் இன்றைக்கே திருப்பி வையுங்கள்.

ரேடியோவையும் மறக்காதீர்கள். டவர் செத்தாலும் எஃப்.எம். வரும். கோடை பண்பலை 100.5, தேவிகுளம் 101.4. பல பட்டன் போன்களில் ரேடியோ உண்டு. டச் போன்களில் சிப் இருந்தும் அணைத்து வைப்பது வழக்கமாகிவிட்டது, அப்படிச் செய்யாதீர்கள் என்று மத்திய அரசே 2023-இல் கம்பெனிகளுக்கு எழுதியது. வாங்கும்போது ரேடியோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் 17

யானை. பூப்பாறையிலிருந்து ஒருவர் இந்தப் பேச்சை எடுத்துவிட்டார், எனக்கும் விட மனசில்லை.

வால்பாறையில் பல வருஷமாக ஓர் ஏற்பாடு ஓடுகிறது. யானை எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று ஆட்களுக்குப் போனில் செய்தி போகும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரலாகவே கால் வரும். ரோட்டோரக் கம்பங்களில் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன, அவற்றுக்குள்ளும் ஒரு சிம். யானை வந்தால் அந்த எண்ணுக்குப் போன் செய்து விளக்கை எரிய விடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் லயத்துக்கு நடக்கிறவன் தூரத்திலேயே பார்த்து நின்றுவிடுவான். இதற்குப் பெரிய போன் தேவையில்லை, டவர் இருந்தால் போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2023 மே 27 காலையில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பத்துக்குள் வந்தபோது நாங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். 144 போட்டிருந்தார்கள். கழுத்தில் ரேடியோ காலர் இருந்தும், மேகமும் அடர்ந்த காடும் இருந்தால் அதன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் மட்டும் அந்த யானை ஒரே நேரத்தில் நாலு தெருவில் நின்றது. எங்கோ எப்போதோ எடுத்த வீடியோவெல்லாம் எங்கள் தெருப் பெயரோடு வந்தது. பயத்தில் ஓடி விழுந்து அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். வந்த வீடியோவை அடுத்தவருக்குத் தள்ளும் முன் இது எங்கே எடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தள்ளுங்கள்.

செப்டம்பர் 28

பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜி நேற்று முறைப்படி தொடங்கியது. தேஜஸ், சி-டாட், டி.சி.எஸ். மூன்றும் சேர்ந்து செய்த சாதனங்கள், 97,500-க்கும் மேல் டவர்கள் என்கிறார்கள். காட்டுப் பக்கத்தில் வேறு எதுவும் எடுக்காத இடங்களில் பி.எஸ்.என்.எல். மட்டும் எடுத்த அனுபவம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு, அதனால் இதை ஆவலோடு பார்க்கிறேன். பழைய சிம் வைத்திருக்கிறவர்கள் அது 4ஜி சிம்தானா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். போனில் வோல்டீ (4ஜியிலேயே கால் பேசுகிற வசதி) ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆஃபில் இருந்தால் 4ஜியில் நெட் ஓடும், கால் வரும்போது மட்டும் 2ஜி, 3ஜிக்கு இறங்கும்.

அக்டோபர் 26

ஐப்பசி மழை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி இறங்குகிறது. சார்ஜரில் போட்டபடி போன் பேசாதீர்கள். மின்னல் வெட்டினால் சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள், வைஃபை பெட்டிக்கு வருகிற கரண்டையும் பிடுங்குங்கள். சார்ஜரில் இல்லாத போன் மின்னலை இழுக்கும் என்பது கட்டுக்கதை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

வைஃபை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டியது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வீட்டிலோ ஸ்டோரிலோ கேபிள்காரரின் இன்டர்நெட் இருந்தால் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்யுங்கள். டவர் ஒரு பாயிண்ட்கூட இல்லாவிட்டாலும் அதே எண்ணில், அதே சிம்மில், சாதாரணக் கால் மாதிரியே பேசலாம். தனிக் காசு கிடையாது. 2019 கடைசியிலிருந்து இந்த வசதி இங்கே இருக்கிறது, பல பேருக்குத் தெரியாது. பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. போன் வாங்கும்போது உங்கள் சிம் கம்பெனிக்கு அந்த மாடலில் வைஃபை காலிங் உண்டா என்று கேட்டே வாங்குங்கள். எல்லா மாடலிலும் கிடையாது. கரண்ட் போனால் வைஃபையும் போகும் என்பதால் அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி யூனிட் வைத்துக்கொள்ளலாம். நான் வைத்திருக்கிறேன். ராத்திரி முழுக்கத் தாங்குகிறது.

நவம்பர் 9

உத்தமபாளையம் தங்கச்சி எழுதியிருக்கிறார்: அதே பழைய போன்தான், கேரள சிம் ஒன்று கூடப் போட்டிருக்கிறார், சாயங்காலம் ஜீப்பில் இறங்கும்போது பாதிக்கு மேல் சார்ஜ் நிற்கிறதாம். அம்மாவுக்கு ரேடியோ உள்ள 4ஜி பட்டன் போன். ஸ்பீட் டயலில் 2-ஐ அமுக்கினால் மகள், 3-ஐ அமுக்கினால் ஜீப்காரர். நல்ல ஏற்பாடு. 4-இல் தோட்டத்துச் சூப்பர்வைசர் எண்ணையும் போட்டுக் கொடுங்கள்.

நவம்பர் 10

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கம்பம்மெட்டு வளைவுகளிலும், குமுளி மலை ரோட்டில் லோயர் கேம்ப் தாண்டியும், போடிமெட்டு ஏற்றத்திலும் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு எண் காட்டுகிறது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் மலை ஏறுகிற எல்லோருக்கும் உதவும். ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்போது 'சிக்னல் வலிமை'யைப் பார்த்து, வளைவின் பெயர், நேரம், சிம் கம்பெனி, போன் மாடல், அந்த எண் ஆகியவற்றை இங்கே போடுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம், உட்கார்ந்து வருகிறவர்கள் மட்டும். தூக்குப்பாலம் முதல் கம்பம்மெட்டு வரை நான் எடுத்துப் போடுகிறேன்.